படமா, காணொளியா? ஊவாத் தோட்டங்களில் எண்ணப்படும் பார்வைகள்

அரசியல்வாதி ஒருவரின் அல்லது தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் முகநூல் பக்கத்தை நிர்வகிக்கும் இளைஞர்கள் இன்று தமக்குள் முதலில் விவாதிக்கும் விடயம், நிழற்படம் இடுவதா காணொளி இடுவதா என்பதேயாகும். எதற்கு ‘லைக்’ கூடுதலாக விழும், எதைக் கூடுதலானோர் பகிர்வர், எது பக்கத்தின் ரசிகர்களைத் திரும்பத் திரும்ப அழைத்துவரும் என்று அவர்கள் கணக்கிடுகின்றனர். ஒரு காலத்தில் சினிமா நடிகர்களுக்கும் கிரிக்கெட் வீரர்களுக்கும் மட்டும் உரியதாக இருந்த இக்கணக்கு, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை ஆகிய தோட்டப்புறங்களை நோக்கிப் பேசும் பக்கங்களுக்கும் இப்போது பொதுவாகிவிட்டது.

இதனை விளம்பரத் துறையினரின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர் வாழ்ந்தனர். சம்பளம், வீடு, காணி, மண்சரிவு எச்சரிக்கை என அவர்களுடைய வாழ்வைத் தீர்மானிக்கும் செய்திகள் பலவும் இன்று கைத்தொலைபேசித் திரை வழியாகவே லயன்களைச் சென்றடைகின்றன. அத்திரையில் எது முன்னே வரவேண்டும், எது கண்ணிற்படாமலே கீழே போகவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகின்றது.

முதலில் இக்கணக்கின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். காணொளிக்கே எதிர்காலம் என்ற கூற்று 2015ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலிருந்து எழுந்தது. முகநூல் நிறுவனமே அதனை முன்னின்று பரப்பியது. மேற்குலகின் செய்தி நிறுவனங்கள் பல அதனை நம்பி, 2017இல் எழுதும் செய்தியாளர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டுக் காணொளிப் பிரிவுகளை ஆரம்பித்தன. ஆனால் 2016 செப்டெம்பரிலேயே அந்நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருந்தது. மூன்று விநாடிகளுக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டு, எஞ்சியோர் பார்த்த நேரத்தைக் கொண்டே சராசரியை அது கூறிவந்தது. அதனால் சராசரிப் பார்வை நேரம் 60 முதல் 80 வீதம் வரை மிகையாகக் காட்டப்பட்டிருந்தது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கை 2019இல் 4 கோடி டொலர் செலுத்தி அந்நிறுவனம் சமரசமாக முடித்துக்கொண்டது. வேலை இழந்த செய்தியாளர்களுக்கு எவரும் எதனையும் செலுத்தியதாகத் தெரியவில்லை.

இன்ஸ்டகிராமின் கதையும் ஏறக்குறைய இதே போன்றதுதான். டிக்டொக்கின் வளர்ச்சியைக் கண்டு 2020இல் ‘ரீல்ஸ்’ என்ற குறுங்காணொளியை அது அறிமுகப்படுத்தியது. 2022இல் படங்களைப் பின்தள்ளிக் காணொளிகளையே பயனர்களின் முன் குவித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. தாம் காணொளியில் அளவுக்கு மிஞ்சி அக்கறை செலுத்திவிட்டதாக அதன் தலைவர் அடம் மொசேரி 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே கூறினார். மறுபுறத்தில், காணொளிக்கென்றே பிறந்த டிக்டொக் 2022இல் நிழற்படங்களை இடும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. முகநூலோ 2025 ஜூனில் தன்னிடம் இடப்படும் காணொளிகள் அனைத்தும் இனி ரீல்ஸ் என்றே கொள்ளப்படும் என அறிவித்தது. இவ்வாறு ஆண்டுக்கு ஒரு திசையில் வீசும் காற்றை நம்பி, “காணொளிதான் வெல்லும்”, “படம்தான் வெல்லும்” என்று எமது இளைஞர்கள் சத்தியம் செய்வது வியப்புக்குரியது.

இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதே இங்கு கவனிக்கப்பட வேண்டிய முதல் விடயம். நடிகர் விஜய் 2020 பெப்ரவரியில் நெய்வேலியில் வாகனத்தின் மீது ஏறி நின்று ரசிகர் கூட்டத்துடன் எடுத்துக்கொண்ட ‘செல்பி’, அவ்வாண்டில் இந்தியாவில் மிக அதிகமாக மறுபகிர்வு செய்யப்பட்ட டுவிட்டர் பதிவு என்று அந்நிறுவனமே அறிவித்தது. அது ஒரு நிழற்படம். உலகக் கிண்ணத்தை ஏந்தியவாறு லயனல் மெஸ்ஸி 2022 டிசம்பரில் இட்ட பதிவு இன்ஸ்டகிராமின் விருப்பச் சாதனைகள் அனைத்தையும் முறியடித்தது. அதுவும் நிழற்படமே. மாறாக, கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்ற சாதனைகள் எல்லாம் காணொளிகளுக்கு உரியவை. எமது நாட்டின் யொஹானி 2021இல் பாடிய ‘மெனிகே மகே ஹித்தே’ அதற்கு அண்மைய உதாரணம். அதே ஆண்டில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ மற்றொன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தமது பாட்டியின் நினைவிலிருந்து பிறந்த பாடல் அது என்று அதனை எழுதிய அறிவு கூறியிருப்பதால், மலையக மக்கள் அதனைத் தமது பாடலாகவே ஏற்றுக்கொண்டனர்.

ரசிகர் ஒருவர் படத்தைக் கண்டு விரலால் ஓர் அடையாளம் இடுகின்றார். அது அவருடைய செயல். காணொளியோ அவர் எதுவும் செய்யாமலே தானாக ஓடத் தொடங்கிவிடுகின்றது. யூடியூப் தளம் 2025 மார்ச் இறுதியிலிருந்து குறுங்காணொளி ஓடத் தொடங்கியவுடனேயே அதனை ஒரு பார்வையாக எண்ணுகின்றது. இன்ஸ்டகிராமும் முகநூலும் 2024இல் படம், காணொளி ஆகிய இரண்டுக்கும் ‘பார்வை’ என்ற ஒரே சொல்லைப் பிரதான அளவுகோலாக்கின. ஒருவரே மூன்று தடவை கண்டால் மூன்று பார்வை. ஆகவே தலைவர் ஒருவரின் பக்கம் “ஐந்து இலட்சம் பார்வை” என்று பெருமைப்படும்போது, ஐந்து இலட்சம் மனிதர்கள் செவிமடுத்தனர் என்று அதற்குப் பொருள் கொள்வது தவறாகும். பெருவிரல் ஐந்து இலட்சம் தடவை அவ்விடத்தைக் கடந்து சென்றது என்பதே அதன் பொருள். பதுளை மாவட்டத்தின் மலையகத் தமிழர் தொகையைப்போல் மும்மடங்கு பார்வைகளை ஒரு வாரத்தில் சேர்த்துவிட முடியும் என்பதிலிருந்தே இவ்வெண்களின் தரத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். வட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் ஒரு படத்தைப்போல் பல பத்து மடங்கு டேட்டாவை ஒரு நிமிடக் காணொளி விழுங்கும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. அப்படியாயின் படமே மலிவு என்று முடிவுக்கு வரலாமா என்றால், அங்கேதான் ஒரு திருப்பம் உள்ளது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் யூடியூப், டிக்டொக், முகநூல் ஆகியவற்றுக்கென்றே தனியான டேட்டாப் பொதிகளை விற்கின்றன. பொதிக்குள் இருக்கும் காணொளி, பார்ப்பவருக்குச் செலவாகத் தோன்றுவதில்லை. பொதிக்கு வெளியே இருக்கும் தொழில் திணைக்களத்தின் வர்த்தமானியோ, மாவட்டச் செயலகத்தின் அறிவித்தலோ, ஒரு நாளிதழின் இணையத்தளமோ செலவுக்குரியதாகிவிடுகின்றது. தலைவரின் பாட்டுப் போட்ட காணொளி இலவசம்; தலைவர் பேசிய சட்டத்தின் வாசகம் காசுக்கு. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்ததாக நாம் கூறவில்லை. விளைவு அவ்வாறு அமைந்துவிட்டது.

சமிக்ஞைப் பிரச்சினையும் உண்டு. நமுனுகுல மலைச்சாரலிலும் மடுல்சீமையின் மேற்பிரிவுகளிலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு சமிக்ஞை கிடைக்கும் மேடு தேடிச் செல்வது தோட்டத்து இளைஞர்களுக்குப் புதிதல்ல. அத்தகைய இடங்களில் படம் வந்து சேரும். காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும். பார்வைகளின் எண்ணிக்கை கொழும்பிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருகின்றதா அல்லது மேட்டு லயத்திலிருந்து வருகின்றதா என்று பக்க நிர்வாகிகள் ஆராய்ந்து பார்ப்பார்களாயின் சில உண்மைகள் புலப்படக்கூடும்.

இவ்வாறெல்லாம் கூறுவதால் நாம் காணொளிக்கு எதிரானவர்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. எழுத்தறிவு குறைந்த மூத்த தலைமுறையினருக்குப் படத்தின் கீழுள்ள குறிப்பு எட்டாத பொருள். காணொளி அவர்களிடம் பேசுகின்றது. அதைவிட முக்கியமாக, அது அவர்களைப் பேசவிடுகின்றது. கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன் நின்று, நிறை எவ்வளவு, கழிவு என்று வெட்டியது எவ்வளவு, எத்தனை கிலோ குறைந்ததால் அரைப் பேர் போடப்பட்டது என்று ஒரு பெண் தொழிலாளி தமது சொந்தச் சொற்களில் சொல்வதை எந்த நிழற்படத்தாலும் தரமுடியாது. ‘பேர்’ என்ற அச்சொல்லுக்குத் தோட்டத்தில் உள்ள கனம் கொழும்பில் உள்ளவருக்கு விளங்க வேண்டுமானால் அக்குரலைக் கேட்டேயாக வேண்டும். பிரட்டுக்களத்தில் காலையில் பெயர் கொடுத்து, மாலையில் அந்தப் பெயர் பாதியாகிவிட்டதைக் காணும் ஒருத்தியின் குரல் அது.

அக்குரல் எவ்வளவு காலம் ஒலிக்காமல் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இன்றைய காணொளியின் பெறுமதி விளங்கும். இத்தோட்ட மக்களின் உருவம் உலகத்துக்குப் புதிதல்ல. ஆங்கிலேய நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமாகும்வரை தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். அவருடைய ஐரோப்பியப் படங்களில் இருப்போருக்குப் பெயர் உண்டு. இங்குள்ளோரில் மிகப் பலருக்கு இல்லை. பின்னர் அஞ்சலட்டைகள் வந்தன. தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளையின் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய பின்னர் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் உலகம் சுற்றியது. 1934இல் தேயிலைப் பிரசார சபைக்காக பெசில் ரைட் எடுத்த ‘சோங் ஒப் சிலோன்’ என்ற ஆவணப்படம் இன்றும் திரைப்படக் கல்லூரிகளில் காட்டப்படுகின்றது. அதன் விவரணக் குரல் லயனல் வென்டினுடையது. உரை ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. கொழுந்து பறிப்பவர் தம்மைப் பற்றித் தாமே கூறும் ஒரு வாக்கியத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. படமாயினும் படச்சுருளாயினும், அன்று அவை எடுக்கப்பட்டது தேயிலையை விற்பதற்காகவே. இன்று லிப்டன் ஆசனத்துக்கும் எல்ல ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் வந்து கமராவைத் திருப்பும் உல்லாசப் பயணியும் பெரும்பாலும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே. பச்சை மலை வேண்டும். அதில் ஒரு கூடைக்காரி வேண்டும். அவள் சிரிக்க வேண்டும்.

தமது கையிலுள்ள தொலைபேசியால் தம்மைத் தாமே பதிவு செய்யும் வாய்ப்பு இந்த மக்களுக்குக் கிடைத்து ஒரு தசாப்தத்துக்குச் சற்று மேலேதான் ஆகின்றது. அதன் ஆற்றல் முதன்முதலாகப் பெருமளவில் வெளிப்பட்டது 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் எனலாம். 1000 ரூபா அடிப்படைச் சம்பளம் கோரி, கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் அங்கு கூடினர். பிரதான தொழிற்சங்கங்களின் அழைப்பின்றி, சமூக ஊடகங்கள் வழியாகத் திரண்ட கூட்டம் அது. நாள், நேரம், இடம், கோரிக்கை ஆகிய நான்கையும் தாங்கிய சாதாரண அறிவித்தல் படம் ஒன்று கையிலிருந்து கைக்குச் சென்றாலே இத்தகைய கூட்டத்தைத் திரட்டப் போதும். அதற்கு இசையும் வேண்டியதில்லை, மெதுவாக நடந்துவரும் கதாநாயகனும் வேண்டியதில்லை.

கதாநாயகர்கள் அதன் பின்னரே பெருகினர். தொழிற்சங்கத்தின் சந்தாதாரர் என்றும் தொகுதியின் வாக்காளர் என்றும் இருந்த ஒருவர், பக்கத்தின் ‘ரசிகர்’ ஆக மாற்றப்பட்டது எமது பார்வையில் சமூக ஊடகம் மலையகத்துக்குச் செய்த பெரிய மாற்றங்களில் ஒன்றாகும். சந்தாதாரர் கணக்குக் கேட்பார். வாக்காளர் ஐந்தாண்டுக்கொரு தடவையாவது கேட்பார். ரசிகர் கேட்பதில்லை, அவர் அடுத்த காட்சிக்காகக் காத்திருப்பார். வாகனத்திலிருந்து இறங்குதல், மாலை ஏற்றல், அதிகாரியைக் கடிந்து பேசுதல், பின்னணியில் தமிழ்ச் சினிமாவின் அதிரும் இசை என ஒரே வார்ப்பில் வெளிவரும் இக்காணொளிகள் கட்சி வேறுபாடின்றி எல்லாப் பக்கங்களிலும் காணப்படுகின்றன. கடிந்து பேசிய பின் அந்த அதிகாரி என்ன செய்தார் என்பதற்கான காணொளி வருவதில்லை. அது பார்வை பெறாது.

சம்பள விவகாரத்தில் இதன் பாதிப்பைத் துல்லியமாகக் காணமுடியும். 2021 முதல் 1000 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 1700 ரூபாவாக உயர்த்தப்படும் என்று அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அறிவித்தார். மேடையில் அறிவிப்பு, கீழே கரகோஷம்: காணொளிக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. பின்னர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்தது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபையின் வழியாக உறுதியானது 1350 ரூபா. மே மாதக் கரகோஷமோ திரைகளில் சேமிக்கப்பட்டபடியே இருந்தது. அடுத்து, 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1750 ரூபா என்ற எண் வெளிவந்தது. அதில் நாட்சம்பளம் 1550 ரூபா. வரவுக்கான ஊக்குவிப்பாக அரசாங்கம் வழங்கும் 200 ரூபா வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தொழிலாளியைப் பொறுத்தவரையில் சாதாரணமானதல்ல. ஊழியர் சேமலாப நிதி எதன் மீது கணக்கிடப்படும், வேலைக்கு வரமுடியாத நாளில் எது போகும் என்பதெல்லாம் அதில் அடங்கியுள்ளது. முப்பது விநாடிக் காணொளியில் 1750 என்ற எண்ணுக்கு மட்டுமே இடமிருக்கும்.

இங்கேதான் அசையாத படத்தின் வலிமை உள்ளது. சம்பளச் சீட்டை நேராக வைத்து எடுத்த ஒரு படம் மே தின மேடைகள் அனைத்துக்கும் பதில் சொல்லிவிடும். எத்தனை நாள் பேர், எத்தனை கிலோ மேலதிகம், எந்தச் சந்தா எவருக்குக் கழிக்கப்பட்டது என்று அதில் எல்லாம் உண்டு. விரலால் விரித்துப் பெரிதாக்கி வாசிக்கலாம். பக்கத்து லயத்துச் சீட்டுடன் ஒப்பிடலாம். தொழில் அலுவலகத்துக்கு அனுப்பலாம். தொழிற்சங்கப் பக்கங்கள் மாதந்தோறும் இவ்வாறான சீட்டு ஒன்றைப் பெயரும் இலக்கமும் மறைத்து வெளியிட்டு விளக்கம் தருமாயின் அதற்கு எத்தனை விருப்பங்கள் விழும் என்று எம்மால் கூறமுடியாது. குறைவாகவே விழும் என நினைக்கின்றோம். ஆனால் வாசித்தவர் ஒவ்வொருவரும் அதனைத் தமது சீட்டுடன் வைத்துப் பார்த்திருப்பார்.

நிவாரணம் வழங்கும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். அரிசிப் பொதியின் ஒரு முனையைத் தலைவரும் மறுமுனையைப் பெறுபவரும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்கும் படம் எமது அரசியலில் மிகப் பழையது. அது அழகற்றது, எனினும் ஒரு விநாடியில் முடிந்துவிடும். காணொளியோ அதனை ஒரு நாடகமாக நீட்டுகின்றது. பொதியைப் பெற்றவர் நன்றி கூற வேண்டும். வீடு இழந்த கதையை மீண்டும் சொல்ல வேண்டும். முடிந்தால் அழவும் வேண்டும். பிள்ளைகளின் முகங்கள் மறைக்கப்படுவதில்லை. மூன்று கிலோ அரிசிக்கு இவ்வளவு விலையா?

அனர்த்தம் என்று வரும்போது படத்துக்கும் காணொளிக்கும் இடையிலான வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடுகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியபோது உலகம் கண்டவை பெரும்பாலும் பத்திரிகை நிழற்படக்காரர்கள் எடுத்த படங்கள். தோட்டத்தவர் கைகளில் அன்று கமராத் தொலைபேசிகள் குறைவு. புதையுண்டவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. நூற்றுக்கணக்கில் ஆரம்பித்துப் பின்னர் பெருமளவு குறைந்தது. எவருடைய வீடு எங்கே இருந்தது என்பதைக் காட்டும் பதிவுகள் போதியளவில் வெளியே இருக்கவில்லை. அதைவிட வேதனை தருவது வேறொன்று. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைகள் கடதாசியில் இருந்தன. அக்கடதாசியை எவரேனும் படம் எடுத்து லயத்துக்கு லயம் அனுப்பக்கூடிய காலம் அதுவன்று. உயிர் தப்பியோருக்கான 75 வீடுகள் மகல்தெனியவில் கையளிக்கப்பட 2016 வரை செல்ல நேர்ந்தது. 2023 மார்ச்சில் அதே பூனாகலைப் பக்கத்தில் கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி நாட்டைத் தாக்கியபோது நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அவ்வனர்த்தத்தில் கண்டி, நுவரெலியா மாவட்டங்களுடன் பதுளையும் மண்சரிவுகளால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. வீதிகளும் மலையக ரயில் பாதையும் சிதைந்தன. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. இம்முறை மலை இறங்குவதைப் பிடித்தவர்கள் அம்மலையிலேயே வாழ்பவர்கள். அக்காணொளிகளே வெளியுலகத்தை உலுக்கின. உதவிகள் விரைந்து வந்தமைக்கு அவை ஒரு காரணம் என்பதை எவரும் மறுக்க முடியாது. பிரளயத்தின் இரைச்சலை நிழற்படம் எடுத்துச் செல்லாது.

ஆனால் கொழும்பிலும் கட்டாரிலும் இருந்துகொண்டு உறவினரைத் தேடியவர்கள் அக்காணொளிகளின் கீழ்க் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: இது எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எப்போது எடுத்தது? காணொளியில் அதற்கு விடை இருப்பது அரிது. கைமாறும்போது அது வெட்டப்படுகின்றது, அதன் மீது சோக இசை ஏற்றப்படுகின்றது, ஊர்ப்பெயர் உதிர்ந்துவிடுகின்றது. பழைய வெள்ளங்களும் வேற்று நாட்டு மண்சரிவுகளும் ஊடே கலந்தன. செயற்கை நுண்ணறிவினால் உருவாக்கப்பட்ட காட்சிகளும் அந்நாட்களில் உலவின. அவை உண்மையானவற்றைவிடத் தெளிவாகவும் அழகாகவும் இருந்ததால் கூடுதலாகப் பகிரப்பட்டிருப்பின் அதில் ஆச்சரியமில்லை. படத்தையும் இவ்வாறு பொய்யாக்க முடியுமே என்று கேட்கலாம். முடியும். எனினும் முகாம் ஒன்றில் தங்கியிருப்போரின் பெயர்ப்பட்டியலைப் படம் எடுத்து இட்டால், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தோட்டம், திகதி ஆகியவை பட்டியலிலேயே இருக்கும். பகிர்வோர் அவற்றைக் கழற்றிவிட முடியாது. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையும் அத்தகையதே. பிரதேச செயலகப் பிரிவும் செல்லுபடியாகும் காலமும் அதில் அச்சிடப்பட்டுள்ளன. அதனை ஒருவர் பரபரப்பான குரலில் வாசித்துக் காணொளியாக்கி, அது மூன்று நாள் கழித்து மழை விட்ட பின் ஒருவரிடம் வந்து சேர்ந்தால், அவர் வீட்டை விட்டு ஓடுவார். அல்லது அடுத்த தடவை உண்மையான எச்சரிக்கைக்கும் ஓடமாட்டார்.

செய்தி நிறுவனங்களும் இவ்விடயத்தில் தமக்கென ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. தோட்டத்திலிருந்து வரும் காணொளிக்கு இடம், நாள், எடுத்தவர் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவற்றைக் காட்சியின் மீதே பொறித்த பின்னரே வெளியிடுவது சில நிமிடத் தாமதத்தை ஏற்படுத்தும். அந்நிமிடங்களில் வேறொரு பக்கம் பார்வைகளை அள்ளிச் சென்றுவிடும். செல்லட்டும்.

படத்துக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கின்றது. டித்வாவில் வீட்டை முற்றாக இழந்தோருக்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என்று அரசாங்கம் 2025 டிசம்பரில் அறிவித்தபோது, லயன்களில் வாழ்ந்தவர்களின் நிலை என்ன என்ற கேள்வி உடனே எழுந்தது. லயக்காம்பிரா அங்கு வாழ்ந்தவரின் பெயரில் இல்லை. காணி உறுதி இல்லை. மூன்று தலைமுறையாக அங்கு வசித்ததற்கும், பின்னால் ஒரு சமையலறையையும் முன்னால் ஒரு விறாந்தையையும் தமது சொந்தக் காசில் இழுத்துக் கட்டியதற்கும் கடதாசி எதுவும் கிடையாது. அவ்வீடு இருந்ததற்கான சான்று ஒரு பழைய நிழற்படமாகவே இருக்கக்கூடும். அதுவும் மகளின் பூப்புனித நீராட்டு விழா ஆல்பத்தில், அலங்கரித்த நாற்காலிக்குப் பின்னால் தெரியும் சுவராக. பிரதேச செயலகங்கள் அத்தகைய படங்களைச் சான்றாக ஏற்றுக்கொள்கின்றனவா, எத்தகைய விவரங்களுடன் ஏற்றுக்கொள்கின்றன என்பதைப் பதுளை மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். கிடைத்த பதில் கடிதத்தைப் படம் எடுத்துத் தமது பக்கங்களில் இடட்டும். அதற்குக் காணொளி தேவையில்லை.